ஒரே குழிக்கு இரண்டு நம்பர்

அந்த ஊரில் நான் ஜீப்பை விட்டு இறங்கியதும் பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். எழுபதுகளின் கடைசி அது. அரசாங்க ஜீப்பில் ஒரு பெண் தனியாக வந்து இறங்கினால் அவள் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸாகத்தான் இருக்க வேண்டும், ஆள் பிடிக்கத்தான் வந்திருக்க வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். எங்கள் டிரைவர் தெருவில் நின்று, "தண்ணி பாக்க வந்த அம்மாங்க, ஆபரேசன் அம்மா இல்லீங்க" என்று சத்தம்போட்டுச் சொன்ன பிறகுதான் ஒரு கதவு திறந்தது.

வெளியே வந்த அம்மாளுக்கு நாற்பது வயசுக்கு மேல் இருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தண்ணிய என்னாத்த பாக்கப் போறீங்க? அது உப்பாத்தான் இருக்கு. வந்து குடிச்சுப் பாருங்க" என்றார்.

குடித்துப் பார்த்தேன். உப்பும் கசப்பும் கலந்து நாக்கைப் பிடித்து இழுத்தது. ஊரில் இருந்த கிணறுகள் எல்லாமே அப்படித்தான். குடிக்கிற தண்ணீருக்கு ஓடையைத் தாண்டி, பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வயல்கிணற்றுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் மோட்டார் போட்டால் தண்ணீர், போடாவிட்டால் இல்லை.

நான் நிலத்தடி நீர் ஆய்வுப் பிரிவில் இளநிலை நிலவியலாளராகச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. தலைமை ஆபீஸ் திருச்சியில். எனக்கு ஒதுக்கிய வட்டாரம் அரியலூர், பெரம்பலூர், உடையார்பாளையம். அரியலூரில் ஒரு மாடி அறை பிடித்துத் தங்கியிருந்தேன். அந்தக் கால அரியலூரை அறிந்தவர்களுக்குத் தெரியும், கொடியில் காயப்போட்ட வெள்ளைப் புடவையை எடுத்து உதறினால் சிமெண்ட் ஆலைத் தூசி பறக்கும்.

என் வட்டாரத்தின் பூமி சுலபமாக விளங்கக்கூடியதுதான். பெரம்பலூர்ப் பக்கம் கருங்கல் பாறை. வெடிப்பு இருந்தால் தண்ணீர் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. உடையார்பாளையம் பக்கம் செம்மண்ணும் மணற்கல்லும். முந்திரிக் காடு, நல்ல தண்ணீர். நடுவில் ஒரு காலத்தில் கடல் கிடந்த இடம். அங்கேதான் சுண்ணாம்புக்கல்லும், அதற்குக் கீழே கறுப்புக் களியும். களிக்குள் கண்ணாடிச் சில்லு மாதிரி ஜிப்சம் மின்னும். அந்தக் களியில் நிற்கிற தண்ணீர் வாயில் வைக்க முடியாது. நான் சொல்கிற ஊர் இந்த நடுப்பகுதியில் இருந்தது.

ஒரு வாரம் அந்த ஊரில் அலைந்தேன். தரையில் இரும்புக் கம்பிகளை நட்டு, பாட்டரியிலிருந்து மின்சாரம் செலுத்தி, மண் அதை எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிற வேலை. ஈரமான பாறையும் குறைவாகத் தடுக்கும், உப்புக் களியும் குறைவாகத் தடுக்கும். அதனால் கருவி சொன்னதை மட்டும் நம்ப முடியாது. கிணறுகளுக்குள் இறங்கிச் சுவரைப் பார்த்தேன். ஓடைக்கரையில் பாறை எப்படிச் சாய்கிறது என்று பார்த்தேன். கடைசியில் ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு இடம் தேறியது. அங்கே சிப்பி பதிந்த சுண்ணாம்புப் பாறை தடிமனாக இருந்தது. அதன் வெடிப்புகளில் மழைத் தண்ணீர் தங்கியிருக்கும். ஆனால் பாறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டிக் களிக்குள் இறங்கினால் உப்பு மேலே ஏறிவிடும்.

அந்த இடம், முதலில் கதவைத் திறந்த அம்மா குடியிருந்த தெருவின் முனையில் விழுந்தது. கூலி வேலைக்குப் போகிறவர்களின் தெரு அது. ஊராட்சித் தலைவர் வந்து, "மேலத் தெருப் பக்கம் கொஞ்சம் தள்ளி வைங்களேன், நாலு பேரு பொழங்க வசதியா இருக்கும்" என்றார். நான் முடியாது என்றேன். அவர் திருச்சிக்குப் போய் எங்கள் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரியும் இடத்தை மாற்றவில்லை. என் பேச்சுக்கு மதிப்புக் கொடுத்தார் என்று சந்தோஷப்பட்டேன். டைப் அடித்து அனுப்பியாகிவிட்டதை மறுபடி டைப் அடிக்கச் சோம்பல்பட்டார் என்பது பிறகு தெரிந்தது.

ரிக் வண்டி வந்தது. கருங்கல்லைத் துளைக்கிற வண்டி. பெரம்பலூர்ப் பக்கம் வேலை முடித்த கையோடு இங்கே அனுப்பியிருந்தார்கள். கூடவே வந்த ஆர்டரில் ஆழம் இருநூறு அடி என்று போட்டிருந்தது. கருங்கல்லுக்கு எழுதிய அளவை அப்படியே இந்த ஊருக்கும் எழுதிவிட்டார்கள். என் அறிக்கையில் நான் எழுதியது நூறு அடிக்குள்.

டிரில்லர் வயசில் மூத்தவர், தொழில் தெரிந்தவர். அவரிடம் சொன்னேன்.

"அண்ணே, ஆர்டரப் பாக்காதீங்க. பாறை முடிஞ்சு கறுப்புக் களி வெளிய வர ஆரம்பிச்ச உடனே நிறுத்திடுங்க."

"அதுக்கு யாரு மேடம் கையெழுத்துப் போடுறது?"

"நான் போடுறேன்."

"நீங்க போட்டா செல்லாதுங்க. எனக்கு மாசத்துக்கு இத்தனை அடின்னு டார்கெட் இருக்கு. பாதியில நிறுத்தினா நீ ஏன் நிறுத்துனேன்னு என்னையத்தான் கேப்பாங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது. காலையில் துளைக்க ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்கு முன்னாலேயே அறுபதடிக்குப் பக்கத்தில் தண்ணீர் பீறிட்டது. கம்ப்ரஸர் காற்றோடு சேர்ந்து பனைமர உயரத்துக்கு எழும்பி வெள்ளையாகக் கொட்டியது. தெருவே ஓடிவந்து நனைந்தது. அந்த அம்மா கையில் ஏந்திக் குடித்தார், இன்னொரு கை ஏந்திக் குடித்தார். அப்புறம் வீட்டுக்குப் போய்க் குடத்தை எடுத்து வந்தார். நானும் குடித்தேன். கலங்கலாக இருந்தாலும் நல்ல தண்ணீர்.

அந்த நேரத்தில் டிரைவர் வந்து நின்றார். திருச்சியில் மறுநாள் காலை ஆய்வுக் கூட்டம், ஜீப் உடனே வேண்டும், நானும் வர வேண்டும் என்று செய்தி. என்ன கூட்டம் என்றால், மாதத்துக்கு எத்தனை அடி துளைத்தோம் என்று பார்க்கிற கூட்டம். போக முடியாது என்று சொல்லக்கூடிய வேலையில் நான் இல்லை. டிரில்லரிடம் மறுபடி சொன்னேன், ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் திருச்சியில், அடிக்கணக்கு குறைந்துவிட்டது என்று எங்கள் எல்லோருக்கும் திட்டு விழுந்தது. அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்த ஊர் நினைப்பாகவே இருந்தது. கூட்டம் முடிந்ததும் ஜீப்பைத் தர மாட்டோம் என்றார்கள். பஸ் பிடித்து அரியலூர் வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் அந்த ஊர் விலக்கில் இறங்கி நடந்தேன்.

தூரத்திலேயே தெரிந்தது. குழியைச் சுற்றிக் கறுப்புச் சேறு குவிந்து கிடந்தது. ரிக் வண்டி கிளம்பத் தயாராக, முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பி நின்றது. அதன் முன்சக்கரத்துக்கு எதிரே அந்த அம்மா தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் சில பெண்கள்.

டிரில்லர் என்னைப் பார்த்ததும், "இருநூறு அடி முடிச்சாச்சுங்க. வண்டிய எடுக்க விடமாட்டேங்குறாங்க. நாளைக்குப் பெரம்பலூர்ல பாயிண்ட் இருக்கு" என்றார்.

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. அதுவரை என்னை வாங்க போங்க என்று பேசியவர் அன்றைக்கு அதை விட்டுவிட்டார்.

"நேத்து குடிச்சியா இல்லியா நீ?"

"குடிச்சேங்க."

"நல்லா இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சு."

"இப்பக் குடி."

சொம்பை நீட்டினார். பழைய கிணற்றுத் தண்ணீரைவிட மோசமாக இருந்தது.

"ஒரு நா பூரா குடிச்சோம். புள்ளைங்களுக்குக் கஞ்சி வச்சோம். இப்புடித் திரும்பப் புடுங்கிக்கறதுக்கு எதுக்குக் குடுத்தீங்க? வராமலே இருந்திருக்கலாம்ல. நாங்க பாட்டுக்கு ஓடையத் தாண்டிப் போயிக்கிட்டு இருந்தோம்."

சொம்பைத் திருப்பிக் கொடுத்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஆனால் யார் மேல் என்று காட்ட ஆளில்லை. டிரில்லர் ஆர்டர்படி செய்தார். ஆர்டர் போட்டவர் வழக்கப்படி போட்டார். என் தாள் டிரில்லரின் சட்டைப் பையிலேயே இருந்தது.

"சரி பண்ணலாம்" என்றேன். "கீழ இருக்கற களிப் பாகத்த மட்டும் அடைச்சுட்டா மேல இருக்கற நல்ல தண்ணி தனியா நிக்கும். பாதி வரைக்கும் ஜல்லியும் களிமண் உருண்டையும் போட்டு இடிச்சு, அது மேல சிமெண்டக் கரைச்சு ஊத்தி மூடணும். அதுக்கு வண்டியோட கம்பி வேணும். வண்டி நிக்கணும்."

டிரில்லர் தலையைச் சொறிந்தார். "செய்யலாம்தான். ரெண்டு நாள் ரிப்பேர்னு நான் எழுதிக்கறேன். சிமெண்டு வேணுமே?"

சிமெண்ட் கட்டுப்பாட்டில் இருந்த காலம் அது. பர்மிட் இல்லாமல் ஒரு மூட்டைகூடக் கிடைக்காது. மறுநாள் காலை அரியலூருக்குப் போனேன். சிமெண்ட் ஏற்றிய லாரிகள் வரிசையாக என்னைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. தாலுகா ஆபீஸில் கிளார்க் நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார்.

"வீடு கட்டறதா இருந்தா பிளான் வைங்க. கருமாதி மண்டபம், கோயில்னா அதுக்குத் தனியா இருக்கு. குழிய மூடறதுக்குன்னு எதுவும் இல்லீங்களே."

"அரசாங்க வேலைங்க இது."

"அரசாங்க வேலைன்னா நீங்க உங்க டிபார்ட்மெண்ட் மூலமா கலெக்டர் ஆபீஸுக்கு எழுதணும். அங்கேருந்து எங்களுக்கு வரும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"வந்ததும் சொல்றோம்."

தபால் ஆபீஸிலிருந்து திருச்சிக்கு டிரங்கால் போட்டேன். அதிகாரி லைனில் வந்தார். "எஸ்டிமேட்ல சிமெண்ட் இல்லையேம்மா. ஃபெயிலியர்னு எழுதிட்டு வண்டிய விடு" என்றார். லைன் அறுந்துபோனது. அறுந்ததா, அவரே வைத்தாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

வெறுங்கையோடு திரும்பினேன். மூட்டை எங்கே என்று அந்த அம்மா கேட்டார். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. சுண்ணாம்புக்கல்லுக்காக ஊரைத் தோண்டிச் சிமெண்ட் செய்கிறார்கள், அந்த ஊரில் ஒரு குழியை மூடச் சிமெண்ட் இல்லை.

அவர் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். பழைய கூரை வீட்டுக்குப் பக்கத்தில் செங்கல் சுவர் இடுப்பளவு எழும்பி நின்றது. அவர் புருஷன் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற வேலைக்குப் போய், இரண்டு பேருமாகச் சேர்த்த காசில் ஆரம்பித்த வீடு. தாலுகா ஆபீஸுக்கு நடையாக நடந்து வாங்கிய சிமெண்ட், வீட்டுக்குள்ளே பலகை மேல் சாக்குப் போர்த்தி இருந்தது.

"எத்தினி மூட்டை வேணும்?"

"வேண்டாங்க. உங்களுதை நான் கேக்கல."

"நீ கேக்கலன்னு எனக்குத் தெரியும். எத்தினின்னு சொல்லு."

சொன்னேன். அவர் புருஷன் வாய் திறந்தார். "அது கெடைக்க எம்மாம் அலைஞ்சோம்..." அந்த அம்மா திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் அதற்கு மேல் பேசவில்லை. பிறகு அவரேதான் மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி வந்தார்.

அன்று மிச்சப் பொழுது முழுக்கத் தெருவே வேலை செய்தது. ஏரியிலிருந்து களிமண் கொண்டுவந்து உருட்டினார்கள். டிரில்லரும் அவர் ஆட்களும் ஜல்லியும் உருண்டையுமாகப் போட்டுக் கம்பியால் இடித்து இடித்து ஏற்றினார்கள். அளவுக் கயிற்றை விட்டு நான் ஆழம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாறையின் அடிப்பக்கத்துக்கு வந்ததும் சிமெண்டைக் கரைத்துக் குழாய் வழியாக இறக்கினோம். அந்த அம்மா கரைத்த சட்டியைக்கூட வழித்துக் கொடுத்தார். இறுகட்டும் என்று விட்டு, மறுநாள் மத்தியானம் கம்ப்ரஸரை மெதுவாகப் போட்டு உள்ளே கிடந்ததை வெளியேற்றினோம். முதலில் உப்பு வந்தது. அப்புறமும் உப்பு. டிரில்லர் நிறுத்திவிடலாமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் ஓடட்டும் என்றேன். வெயில் தாழ்கிற நேரத்தில் தண்ணீர் மாறியது. முதல் நாள் அளவுக்கு இனிப்பில்லை, ஆனால் குடிக்கலாம், பருப்பு வேகும்.

அந்த அம்மா குடித்துப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்றார். சிரிக்கவில்லை. டிரில்லரைப் பார்த்து, "வண்டிய எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

கைப்பம்பு பொருத்த வேண்டுமானால் தண்ணீர் குடிக்க ஏற்றது என்று லேப் சொல்ல வேண்டும். லேப் ரிப்போர்ட் இரண்டு மாதம் கழித்து வந்தது. குடிக்க ஏற்றதல்ல. பதறிப்போய் விசாரித்தேன். இருநூறு அடி முடித்த அன்று ரிக் ஆட்கள் வழக்கப்படி ஒரு பாட்டிலில் பிடித்து அனுப்பியிருக்கிறார்கள். மூடுவதற்கு முந்தைய தண்ணீர் அது. நான் பின்னால் அனுப்பிய பாட்டிலைக் காணோமே என்று கேட்டேன். ஒரு கிணற்றுக்கு ஒரு பருவத்தில் ஒரு மாதிரிதான் சோதிப்போம், இரண்டாவதைக் கொட்டிவிட்டோம் என்று பதில் எழுதினார்கள்.

அதற்கிடையில் எனக்கு ஒரு மெமோ. தனியார் வீட்டுக்கு என்று ஒதுக்கப்பட்ட சிமெண்டை அரசுப் பணிக்குப் பயன்படுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு. நல்ல தண்ணீர் வேண்டும் என்பதற்காக என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். கூட வேலை பார்த்தவர் அதைப் பிடுங்கி, பணிவாக இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். கையெழுத்து மட்டும் போட்டேன். அந்த மூட்டைகளுக்குப் பதில் மூட்டை வாங்கித் தர நான் எடுத்த முயற்சி எதுவும் பலிக்கவில்லை. அவர்கள் சுவரை மண் வைத்து முடித்தார்கள்.

பம்பு இல்லாத குழியில் ஊர்க்காரர்கள் ஒல்லியான தகரக் குழாய் ஒன்றைச் செய்து கயிற்றில் கட்டி இறக்கி, சொம்பு சொம்பாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா, "எப்ப வரும்?" என்பார். "எழுதியிருக்கேங்க" என்பேன்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் குழியிலிருந்து ஒரு கேன் நிறையப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறித் திருச்சிக்குப் போனேன். அதிகாரியின் மேஜை மேல் வைத்து, டம்ளரில் ஊற்றினேன்.

"என்னம்மா இது?"

"குடிங்க சார்."

அவர் நல்ல மனுஷர்தான். குடித்தார். "நல்லாத்தானே இருக்கு?"

"இதத்தான் சார் ஏற்றதல்லன்னு சொல்லிப் பம்பு மாட்டாம வச்சிருக்கோம்."

அவர் ஃபைலை வரவழைத்துப் புரட்டினார். "ரிப்போர்ட்ட மாத்த முடியாது. அவங்க ஒத்துக்க மாட்டாங்க. ஒண்ணு செய்யலாம். இத புது போருன்னு வச்சுக்குவோம். வேற நம்பர் குடுத்துடறேன். புது நம்பர்னா புதுசா டெஸ்ட் பண்ணுவாங்க."

"ஒரே குழி சார்."

"ஆழம் வேற இல்லியா? அது இருநூறு அடி, இது நூறு அடிக்குள்ள. பேப்பர்ல வேற வேறதான்."

எனக்குப் பம்பு வேண்டும். சரி என்றேன். புது நம்பரில் பாட்டில் போனது, ஏற்றது என்று ரிப்போர்ட் வந்தது, பம்பும் வந்தது. அன்றைக்கு அந்தத் தெருவில் எனக்குக் கம்பங்கூழும் கருவாடும் கொடுத்தார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதன் விளைவு பின்னால் வந்தது. வட்டாரம் முழுமைக்கும் நீர்த்தர வரைபடம் தயாரித்தபோது ஊருக்கு ஊர் சராசரி எடுத்தார்கள். உப்பு நம்பரையும் நல்ல நம்பரையும் கூட்டி வகுத்து, அந்த ஊரின் மேல் மிதமான உவர்ப்பு என்று வர்ணம் பூசினார்கள். அப்படி ஒரு தண்ணீர் அந்த ஊரில் எங்கேயும் கிடையாது. அச்சாவதற்கு முன் நான் சுட்டிக்காட்டினேன். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள்.

எண்பதுகளில் என்னைப் பெரம்பலூர்ப் பக்கம் போட்டிருந்தார்கள். அந்த அம்மா ஒரு நாள் பஸ் ஏறி ஆபீஸைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். தலை நரைத்திருந்தது.

"ஊரு பெருத்துப்போச்சு. ஒரு பம்பு பத்தல. ஆபீஸ்ல இன்னொண்ணு கேட்டா, உங்க ஊருலதான் ரெண்டு இருக்கேங்கறான். எங்க இருக்குன்னு கேட்டா மேப்புல இருக்குங்கறான். அந்த ரெண்டாவது எங்க இருக்குன்னு நீயாவது சொல்லு."

சொன்னேன். நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். கடைசியில், "அப்ப இல்லாத போர எடுத்துட்டேன்னு எழுதிக் குடேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு நம்பரை நீக்க வேண்டுமானால் அந்தக் கிணறு பயனற்றது என்று நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்று பதில் வந்தது. நேரில் பார்க்க ஒருவர் போனார். பம்பிலிருந்து நல்ல தண்ணீர் வருவதைப் பார்த்து, பயனுள்ளது என்று எழுதிவிட்டுத் திரும்பினார்.

அப்புறம் ஒரு கடும் வறட்சி வந்தது. அப்போது யாரும் எந்த நம்பரையும் பார்க்கவில்லை. ஊர் ஊராக ரிக் போனது. அந்த ஊரிலும் மேலத் தெருவில் ஒன்று போட்டார்கள். இடம் பார்க்க யாரையும் கூப்பிடவில்லை. கேள்விப்பட்டதும் ஒரு லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். புதுப் பம்பில் எருமைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். உப்பு. பழைய பம்பில் குட வரிசை தெருக்கோடி வரைக்கும் நீண்டிருந்தது. இரண்டு தெருப் பெண்களும் அதில் நின்றார்கள். முந்தி பிந்தி என்று சண்டையும் நடந்தது.

அந்த அம்மா வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டியா? இத யாருகிட்ட சொல்றதுன்னு பாரு மொதல்ல" என்றார்.

"எழுதறேங்க" என்றேன்.

"எழுது, எழுது" என்றவர், முன்னால் நுழையப் பார்த்த ஒரு பெண்ணின் குடத்தைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

திரும்பி வந்து மூன்று இடத்துக்கு எழுதினேன். ஒரு இடத்திலிருந்து மட்டும், கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது.